பதினான்காம் எண் விளக்கு

மிர்ஃபா துறையிலிருந்து வடமேற்கே
ஒன்றரை மணி நேரம்.
ஆழமில்லாக் கடல், வெளிர்பச்சை,
அடியில் மணலின் வரிகள்கூடத் தெரியும்.
கப்பல் வழிக்கு இருபுறமும் இரும்புத் தூண்கள்,
தலைக்கொரு விளக்கு.
முப்பத்தொன்றையும் எரியவைப்பது என் வேலை.

பதினான்கு மட்டும்
டிசம்பரிலிருந்து இருட்டு.

காரணம் தூரத்திலேயே தெரிந்தது:
சூரியத் தகட்டின் மேல் இடுப்பளவு குப்பை,
குப்பையின் மேல் அவள்.

விராலடிப்பான்.
விரால் ஒன்றுகூட இல்லாத கடலில்
அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.
பெயர் ஆண்பால்,
அடைகாப்பவள் பெண்.
மாச்முரால் என்றான் படகோட்டி மொய்னுல்.
முரால் என்றால் என்னவென்று
அவனுக்கும் தெரியவில்லை.

தெற்கே ஆண்
காற்றை எதிர்த்து நின்றது.
பறக்கவில்லை, நின்றது,
சிறகடித்துக்கொண்டே ஓரிடத்தில்,
கீழே பொடி எழுத்தில் எதையோ வாசிப்பதுபோல.
சற்று இறங்கி மறுபடி நின்று
பிறகு விழுந்தது.
கடைசி நொடியில்
கால்கள் முகத்துக்கு முன்னால் வந்தன.
கடல் அதை முழுதாக வாங்கிக்கொண்டது.
மொய்னுல் எண்ணினான்: எக், துய்…

வெளியே வந்து
நனைந்த நாய்போல் நடுவானில் உதறி
கிளிநிற மீனோடு மேலேறியது.

மீனைக் குறுக்கே தூக்குவதில்லை அது.
ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து
மீனின் தலையைப் போகும் திசைக்குத் திருப்பிக்கொள்ளும்.
வழுக்காதிருக்க உள்ளங்காலில் முட்கள்,
வெளிவிரலைப் பின்னுக்கும் வளைக்கலாம்.
மீனுக்கு முதல் பயணம்,
முன்சீட்டில்.

நேராகக் கூட்டுக்கு வரவில்லை.
பதின்மூன்றாம் விளக்கில் உட்கார்ந்து
சாவகாசமாகத் தலையைத் தின்றது.
மெஸ்ஸுக்குப் பிடித்தது போக
ஊருக்கு அனுப்புகிற மாதிரி
மிச்சம்தான் அவளுக்கு.

நான் ஏறியதும் அவள் எழும்பிச் சுற்றினாள்.
அவ்வளவு பெரிய உடம்புக்கு
அவ்வளவு கீச்சுக் குரல்.
ஏணியின் கடைசிப் படியில்
என் கண்ணும் கூட்டின் விளிம்பும் ஒரே மட்டம்:
கண்டல் சுள்ளி, நீலக் கயிறு,
நீர்க்காகத்தின் மார்பெலும்பு,
ரப்பர் செருப்பு,
வெயிலில் வெளுத்த ஆமையோட்டுத் துண்டு,
ஓர் ஆரஞ்சுக் கையுறை, இடது.
சுண்டுவிரலில் தையல் பிரிந்தது.

அது என்னுடையது.

நவம்பரில் பதினேழாம் தூணில் கழற்றி வைத்தேன்,
திரும்பினால் இல்லை.
ஸ்டோரில் பன்னிரண்டு திர்ஹம் பிடித்தார்கள்.
ஒன்று தொலைந்தாலும்
ஜோடிதான் கணக்கு.

கையுறையின் உள்ளங்கையில்
சாய்ந்திருந்தது ஒரு முட்டை.
பக்கத்தில் இன்னும் இரண்டு,
காவி தெறித்தவை.

வயர்லெஸ்ஸில் ரஷாத் சார்:
சுத்தம் பண்ணியாச்சா?
கடப்பாரை கையில்தான் இருந்தது.
கைப்பிடியைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கீழே குரல் கொடுத்து
உபரித் தகட்டைக் கேட்டேன்.
கூட்டுக்கு இரண்டு முழம் கீழே,
தெற்கு பார்த்து,
நான்கு கிளாம்ப்.

நாற்பது நிமிட வேலை.
பாதியிலேயே அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள்.
மஞ்சள் கண் ஸ்பேனரைப் பின்தொடர்ந்தது.
வெயில் ஏறியதும்
சிறகை அரைவாசி விரித்து
முட்டைகளுக்கு நிழல் கொடுத்தாள்.
அதன் ஓரம் என் ஹெல்மெட்டிலும் விழுந்தது.
நன்றி சொல்லலாமா என்று நினைப்பதற்குள்
வெள்ளையாய் ஒரு பீய்ச்சல்,
புதுக் கையுறை முழுக்க.
மொய்னுல் படகு ஆடுமளவு சிரித்தான்.

பழுது: தகட்டில் நிழல்.
தீர்வு: தகடு இடமாற்றம்.
'தடை அகற்றப்பட்டதா' என்ற கட்டத்தில்
பேனா எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற தூண்களை முடித்துத் திரும்பும்போது
இருட்டியிருந்தது.
நான்கு நொடிக்கொரு தரம் பச்சை.
ஒவ்வொரு தரமும் அவள் இருந்தாள்,
பிறகு இல்லை,
பிறகு இருந்தாள்.

வலதுகை உறை
இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.
அடுத்த சுற்றில்
பதினேழில் வைத்துப் பார்க்க வேண்டும்.